ஷாம்புவின் வழியில் ஹிலோத்

ஷாம்பு என்னும் சொல் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பதை மொழியியல் மாணவர்கள் தொடக்க வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். இந்தியில் ‘சாம்ப்னா’ என்றால் அமுக்குதல், பிசைதல். ‘சாம்போ’ அதன் ஏவல் வடிவம். ‘பிடித்துவிடு’ என்று பொருள். 1762இல் ஆங்கில எழுத்தில் முதன்முதலாக இடம்பெற்றபோதும் அச்சொல் உடம்பு பிடித்துவிடுதலையே குறித்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடல் பிடித்தலும் சேர்ந்த நிலையம் ஒன்றை நடத்தினார். 1822இல் அதைப் பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பிலும் ஷாம்பு என்பது கைவேலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான் அது தலை கழுவுவதைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு கழுவும் திரவத்துக்குப் பெயராயிற்று. இன்று பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கும் அதுவே பெயர். பிடித்துவிட்ட கையும் அந்தக் கைக்குரியவரும் சொல்லிலிருந்து உதிர்ந்து போனார்கள்.

இதே பாதையில் இன்னொரு சொல் இப்போது நடத்திச் செல்லப்படுகிறது என்பது என் எண்ணம். அந்தச் சொல் ஹிலோத். பிலிப்பைன்ஸ் நாட்டின் மரபுவழிக் கைம்மருத்துவத்துக்குரிய பெயர் அது. ‘பிலிப்பினோ அழகு இரகசியங்கள்’ என்ற தலைப்பில் சுற்றிவரும் காணொளிகளில் தேங்காய் எண்ணெய், கலமான்சி எலுமிச்சை, பப்பாளிச் சோப்பு ஆகியவற்றுக்கு நடுவே ஹிலோத்தும் ஒரு பண்டமாக வந்து நிற்கிறது. புனேயில் நான் பார்த்த ஒரு ஸ்பாவின் விலைப்பட்டியலில் தாய்லாந்து மசாஜுக்கும் பாலி மசாஜுக்கும் இடையில், அறுபது நிமிடத்துக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களும் கையால் உழைத்துப் பிழைப்பவர்கள். அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு ஒரு சொல் எதையெல்லாம் இழக்க வேண்டியிருக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் ஒலிப்பு. தகலோக் மொழியின் தகரம் தமிழைப் போலவே பல்லொலி. ஆகவே ஹிலோட் அன்று, ஹிலோத். இலோகானோ மொழியில் தொடக்க ஹகரம் இல்லை, அங்கே இலோத். செபுவானோ முதலிய விசாய மொழிகளிலும் இச்சொல் உண்டு. ஒரு தீவுக்கூட்டம் முழுவதும் பரவிய, பழைமையான வேர் இது. இதிலிருந்து தொழில்பெயர் பிறக்கும் விதம் அழகானது. தகலோக்கில் ‘மங்’ என்ற முன்னொட்டைச் சேர்த்து, வேரின் முதலசையை இரட்டித்தால் அதையே வாழ்க்கையாகக் கொண்டவர் என்ற பொருள் கிடைக்கும். இஸ்தா என்றால் மீன், மங்கிங்கிஸ்தா மீனவர். காமோத் என்றால் மருந்து, மங்காகாமோத் மருத்துவர். அவ்வாறே ஹிலோத், மங்ஹிஹிலோத். ஒரு செயலை ஒருமுறை செய்தவருக்கு இந்த வடிவம் பொருந்தாது. மீண்டும் மீண்டும் செய்து அதுவாகவே ஆனவருக்குத்தான் பொருந்தும். அசை இரட்டிப்பதே அந்த மீளச் செய்தலின் ஒலிவடிவம் என்று மாணவர்களுக்கு விளக்குவதுண்டு. ஸ்பாவில் அந்தப் பெயர் இல்லை. அங்கே இருப்பவர் தெரபிஸ்ட்.

மங்ஹிஹிலோத் என்ற சொல்லுக்குள் நாம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் பல தொழில்கள் ஒன்றாக உள்ளன. சுளுக்கு எடுப்பவர் அவரே. எலும்பு பிசகினால் சேர்ப்பவரும் அவரே. கருவுற்ற பெண்ணின் வயிற்றைத் தொட்டுக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்பவரும், பேறு பார்ப்பவரும், பேற்றுக்குப் பின் தாயின் உடம்பை நீவிவிடுபவரும் அவரே. மருத்துவச்சி என்றால் மருத்துவம் அறிந்த பெண் என்று பொருள்பட வேண்டிய தமிழ்ச்சொல், வழக்கில் பேறு பார்ப்பவளை மட்டும் குறித்து நின்றுவிட்டது. பிலிப்பைன்ஸில் அந்தக் குறுக்கம் நேராமல் இருந்தது. அரசுப் பயிற்சியும் பதிவும் பெற்ற செவிலிக்கு ஸ்பானிய வழிவந்த ‘கொமத்ரோனா’ என்ற பெயர் தனியே வந்த பிறகும், ஊர்ப்பெண் மங்ஹிஹிலோத்தாகவே இருந்தாள்.

யார் இந்தத் தொழிலுக்கு வருவார் என்பதற்கும் ஒரு மரபு உண்டு. தாயிடமோ பாட்டியிடமோ கற்பது பெருவழி. கனவில் அழைப்பு வந்தது என்று கூறுவோரும் உண்டு. கால் முன்னே வரப் பிறந்தவரைத் தகலோக்கில் ‘சுஹி’ என்பர். தொண்டையில் மீன்முள் சிக்கினால் சுஹி ஒருவர் வந்து கழுத்தை நீவினால் இறங்கிவிடும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. நான் இப்போது வாழும் மராத்தி மண்ணிலும் கால் முன்னே வரப் பிறந்தவரைப் ‘பாயாளூ’ என்று அழைத்து, அவருக்குத் தனி ஆற்றல் உண்டென்று சொல்கிறார்கள். இதனால் பண்டைய தொடர்பு ஒன்று இருந்தது என்று எவரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். தலைகீழாக வந்த பிறப்பைக் கண்டு வியப்பது மனித இயல்பு, அவ்வளவே.

இப்போது நோய்களின் பெயர்களுக்கு வருகிறேன். இழப்பு மிகுதியாக நேர்வது இங்கேதான். ஸ்பா விளம்பரம் ஹிலோத் எதற்கு என்றால் மன அழுத்தம் நீங்க, புத்துணர்ச்சி பெற என்று சொல்லும். மங்ஹிஹிலோத்தைத் தேடிப் போகும் பிலிப்பினோ பெண் அப்படிச் சொல்வதில்லை. தனக்குப் ‘பஸ்மா’ என்பாள். முதுகில் ‘லமிக்’ என்பாள். ‘பினாத்’ வந்துவிட்டது என்பாள். லமிக் என்றால் குளிர். தசையில் உருண்டு திரண்டு நிற்கும் முடிச்சை அங்கே குளிர் என்று அழைக்கிறார்கள். நோயிலிருந்தோ பேற்றிலிருந்தோ முழுமையாகத் தேறும் முன் வேலையில் இறங்கியதால் மீண்டும் படுக்கையில் விழுவது பினாத். பச்சை உடம்புக்காரி தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த எச்சரிக்கை முழுவதையும் ஒரு பெயர்ச்சொல்லாகத் திரட்டினால் பினாத் கிடைக்கும்.

பஸ்மா இன்னும் சுவையானது. ஸ்பானிய மொழியின் ‘பஸ்மோ’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தாய்மொழியில் அதற்கு வலிப்பு, குளிர்ச்சி முதலிய பொருள்கள். பிலிப்பைன்ஸ் வந்ததும் அது புதிய நோயாயிற்று. உழைத்துச் சூடேறிய தசைமேல் திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால் பஸ்மா. நாள் முழுவதும் துணி தேய்த்துவிட்டு உடனே கைகழுவினால் பஸ்மா. கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், நரம்பு புடைக்கும். வெந்நீரில் உப்பிட்டுக் கையை ஊறவைப்பதும் எண்ணெய் தடவி நீவுவதும் பரிகாரம். செபுவானோ பேசும் தெற்கிலோ அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. வேளைக்கு உண்ணாமல் பசி தாழ்த்தியதால் வரும் வயிற்று வலியும் தளர்வும் அங்கே ‘பஸ்மோ’. இந்த வகை நோய்களைப் பற்றி விரிவாக எழுதிய மருத்துவ மானிடவியலாளர் மைக்கேல் டான். உசோக், பஸ்மா, குலாம் ஆகிய மூன்று சொற்களையும் தலைப்பிலேயே கொண்ட அவருடைய நூல், இத்துறையில் நுழைவோர் முதலில் படிக்க வேண்டியது.

பஸ்மா யாருக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். துணி வெளுப்பவர், தேய்ப்பவர், வயலில் நாற்று நடுபவர், ஜீப்னி ஓட்டுபவர். வடக்கில் உழைப்புக்குப் பின் ஓய்வில்லாதவருக்கு வருகிறது. தெற்கில் வேளைக்குச் சோறில்லாதவருக்கு வருகிறது. நவீன மருத்துவம் இதை நோயாக ஏற்கவில்லை. அந்த விளக்கத்தின் உடலியல் சரியன்று என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சொல்லின் உண்மை அதன் உடலியலில் மட்டும் இருப்பதில்லை. ‘இந்த உடம்பு அளவுக்கு மீறி உழைத்திருக்கிறது, இதற்கு ஓய்வு வேண்டும்’ என்று வீட்டாரிடமும் முதலாளியிடமும் சொல்ல ஓர் ஏழைப் பெண்ணுக்கு அந்தச் சொல் உதவியது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லைக் கொண்டு அவளால் அதைச் சொல்ல முடியாது. அது அவளுக்கு உரியதாக அங்கே கருதப்படுவதில்லை.

இலக்கணமும் இதையே காட்டுகிறது. தகலோக்கில் தன் விருப்பமின்றி நேர்வதைக் குறிக்க ‘ந’ என்ற முன்னொட்டு உண்டு: நபஸ்மா, நபினாத், நவுசோக். தமிழில் ‘எனக்குப் பிடித்துக்கொண்டது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோமே, ஏறத்தாழ அந்த உணர்வு. மருத்துவம் செய்துகொள்வதற்கோ ‘மக்பஹிலோத்’: பிறரைக் கொண்டு தனக்குச் செய்வித்துக்கொள்ளுதல். நோய் தானாக நேர்கிறது, நலம் இன்னொருவரிடம் கேட்டுப் பெறப்படுகிறது. ‘செல்ஃப் கேர்’ என்ற இன்றைய தாரக மந்திரத்துக்கு நேர் எதிரான ஓர் உலகம் இந்த இரண்டு ஒட்டுகளுக்குள் இருக்கிறது. தன்னைத் தானே பேணிக்கொள்ளும் தனிமனிதர் அங்கே இல்லை.

நோயை அறியும் முறையைச் சொல்ல வேண்டும். வாழையிலையைக் கீற்றாகக் கிழித்து, தேங்காய் எண்ணெய் தடவி, உடல்மேல் மெல்ல இழுத்துச் செல்வார்கள். வழுக்கிக்கொண்டே போகும் இலை ஓரிடத்தில் ஒட்டி நின்றால் கோளாறு அங்கே. தவாஸ் என்னும் படிகாரம் இன்னொரு கருவி. அதைச் சூடாக்கியோ நீரில் இட்டோ அது கொள்ளும் உருவத்தைப் பார்த்து நோயின் காரணத்தைக் கூறுவதற்குப் ‘பக்ததவாஸ்’ என்று பெயர். அதே தவாஸ் பொடியாகக் கடையில் விற்கிறது. அக்குளில் வியர்வை நாற்றம் போகப் பூசிக்கொள்கிறார்கள். நம் ஊர்களிலும் முகம் மழித்த பின் தடவுவதும் கடை வாசலில் கண்ணேறு படாமல் கட்டித் தொங்கவிடுவதும் ஒரே படிகாரம்தான். அழகுப் பொருள் வேறு, மருத்துவம் வேறு, சடங்கு வேறு என்ற பிரிவினை கடையின் அலமாரிக்கு உரியது. வீட்டில் அப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை.

அழகைப் பற்றித்தானே தொடங்கினோம். 1521இல் மகெல்லனோடு சென்ற பிகஃபெத்தா, விசாயத் தீவுகளில் கண்ட மக்கள் வெயிலையும் காற்றையும் தாங்கத் தேங்காய் எண்ணெயும் எள்ளெண்ணெயும் பூசிக்கொண்டதைக் குறித்திருக்கிறார். 1609இல் வெளியான அந்தோனியோ தெ மொர்காவின் நூல் இன்னும் விரிவானது. கூகோ என்னும் கொடியின் பட்டையைக் கொதிக்க வைத்த நீரில் தலை கழுவுவதும், கத்தூரி கலந்த எள்ளெண்ணெய் பூசுவதும், கூந்தல் எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு அழகென்று கொள்வதும் அதில் பதிவாகியுள்ளன. பல்லை அராவிச் சமன் செய்து கறுப்புச் சாயம் ஏற்றிக்கொண்டதையும் மொர்கா எழுதுகிறார். இந்த நூலைத்தான் பின்னாளில் ஹொசே ரிசால் தேடிப் படியெடுத்து, காலனிய அவதூறுகளுக்கு மறுப்பாகத் தம் குறிப்புகளுடன் 1890இல் பதிப்பித்தார்.

கூகோப் பட்டை இன்றும் சந்தையில் கிடைக்கிறது. தட்டி நசுக்கி நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் நுரைக்கும். சீயக்காயில் உள்ளது போன்ற சபோனின் அதிலும் உண்டு. காணொளிகளுக்குக் கூகோ மிகவும் உவப்பானது. கறுத்த பல் எந்தக் காணொளியிலும் வருவதில்லை. மரபு அழகு என்று சொல்லி இன்றைய கண்ணுக்கு அழகாக இருப்பதை மட்டும் பொறுக்கியெடுப்பது மரபைப் போற்றுவதாகாது. இன்றைய இரசனைக்குப் பழைய முத்திரை குத்துவதாகும். தோலை வெளுப்பாக்கும் பப்பாளிச் சோப்பைப் ‘பாட்டி காலத்து இரகசியம்’ என்று விற்பதும் இந்த வகையே. அமெரிக்கக் கண்டத்துப் பழமான பப்பாளி ஸ்பானியர் காலத்தில்தான் அந்தத் தீவுகளுக்கு வந்தது. வெளுத்த தோல்மீது உள்ள மோகத்தை முழுவதும் ஸ்பானியர் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. பனாய் தீவில் ‘பினுகோத்’ என்ற பெயரில் சில பெண்களைச் சிறு வயது முதல் வெயில் படாமல், தரையில் கால் படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்த்தார்கள். அந்தப் பெண்கள்தாம் நெடிய வாய்மொழிக் காப்பியங்களை நினைவில் காத்தவர்களும். அடைத்து வைத்த கொடுமையும் காத்த பெருமையும் ஒரே அறைக்குள் இருந்தன. இதை நாற்பது நொடியில் சொல்ல இயலாது.

‘தொன்மையான’, ‘காலனியத்துக்கு முற்பட்ட’ என்ற அடைமொழிகளையும் நான் ஐயத்தோடே பார்க்கிறேன். பஸ்மா ஸ்பானியம். குவளை வைத்து உறிஞ்சி வலியெடுக்கும் ‘வென்தோசா’ ஸ்பானியம். புண்ணையும் பேறு கண்ட பெண்ணின் உடலையும் கழுவப் பயன்படும் கொய்யா இலை ‘பயாபாஸ்’. மரமும் பெயரும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தேமலுக்கும் படர்தாமரைக்கும் பூசும் ‘அகபுல்கோ’, நம் சீமையகத்தி. மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்களில் வந்த செடி, தான் ஏறிய துறையின் பெயரையே அணிந்துகொண்டிருக்கிறது. புறப்பட்ட இடத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த ஒன்றை ஏற்று, தன் மருத்துவமாக்கிக்கொண்ட சமூகம் அது. மரபுக்குத் தூய்மை வேண்டும் என்று கேட்பவர் பெரும்பாலும் வெளியே நிற்பவர்.

சட்டத்தில் நேர்ந்தது இதைவிட வருத்தம் தருவது. 1997இல் பிலிப்பைன்ஸ் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, மரபு மற்றும் மாற்று மருத்துவச் சட்டம். அதன்வழி அத்துறைக்கென ஒரு தேசிய நிறுவனம் உருவானது. மற்றொன்று, பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம். அது பழங்குடிச் சமூகங்களின் அறிவுமுறைகள் மீது அவர்களுக்கே உரிமை உண்டென்கிறது. ஹிலோத் இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. தகலோக், செபுவானோ பேசும் சமவெளி மக்கள் சட்டப்படி பழங்குடிகள் அல்லர். எனவே ஹிலோத்தை வணிகமாக்குவோர் இசைவு கேட்க வேண்டிய ஒரு சமூகம் சட்டத்தின் கண்ணில் இல்லை. கலிங்கா மலைநாட்டில், பம்பளிமாசு முள்ளும் மூங்கிலும் கொண்டு கரி தோய்த்துக் குத்தும் ‘பாத்தோக்’ பச்சைக்கலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். புஸ்கலான் ஊரின் வாங்-ஓத் பாட்டி ஒரு ‘மம்பபாத்தோக்’. அதே முன்னொட்டு, அதே இரட்டிப்பு. அவருடைய பெயரில் 2021இல் ஓர் இணையப் பயிற்சி வகுப்பு விற்பனைக்கு வந்தபோது குடும்பத்தார் எதிர்த்தனர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையம் தலையிட்டது. 2023 ஏப்ரலில், நூற்றாறு வயதில், வோக் இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அவரை அட்டையில் இட்டது. எதிர்த்துப் பேச அவருக்கு ஓர் ஊரும் ஓர் ஆணையமும் இருந்தன. மங்ஹிஹிலோத்துக்கு எவரும் இல்லை.

2008இல் நலத்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பேறுகால இறப்பைக் குறைக்க எல்லாப் பேறுகளும் மருத்துவ நிலையங்களில் நடைபெற வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தை நான் எதிர்க்கவில்லை. குருதிப்போக்கை வாழையிலை நிறுத்தாது. ஆனால் அதன் தொடர்ச்சியாகப் பல உள்ளாட்சி மன்றங்கள், வீட்டில் பேறு பார்க்கும் ஹிலோத்துக்குத் தண்டம் விதித்தன. சில இடங்களில் பெற்றெடுத்த தாய்க்கும் சேர்த்தே. படகும் சாலையும் இல்லாத தீவில் வலி கண்ட பெண், யாரையும் அழைக்காமல் இருக்கவும் முடியாது, அழைத்ததைச் சொல்லவும் முடியாது. ஏறத்தாழ இதே காலத்தில் சுற்றுலாத் துறை ஹிலோத்தை நாட்டின் தனி அடையாளமாக விளம்பரம் செய்தது. தொழிற்பயிற்சி ஆணையமோ ஹிலோத்துக்கென ஒரு தேசியச் சான்றிதழே வைத்திருக்கிறது. அச்சான்றிதழின் பெயரை ஒருமுறை பாருங்கள்: ஹிலோத் என்று எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் ‘வெல்னஸ் மசாஜ்’ என்று பொருள் தருகிறது. அகராதி வேலை செய்பவர்களுக்குத் தெரியும், அடைப்புக்குறி ஒருநாளும் அடங்கியிருப்பதில்லை. அது நாளடைவில் வெளியே இருக்கும் சொல்லைத் தின்றுவிடும். ஒரே சொல் விடுதியில் விருந்தினருக்கு விலை உயர்ந்த அனுபவம், கடற்கரைக் குடிசையில் தண்டத்துக்குரிய குற்றம்.

எதிர்வாதத்தை நான் அறியாதவன் அல்லன். கைம்மருத்துவத்தை நம்பிக் காலம் கடத்தி உயிரிழந்தவர்கள் உண்டு. முறிந்த எலும்பைச் சுளுக்கென்று உருவியதால் ஊனமானவர்கள் உண்டு. கருக்கலைப்பு முற்றிலும் தடைசெய்யப்பட்ட அந்நாட்டில், வயிற்றை வன்மையாக அழுத்திக் கருவைச் சிதைக்கும் வேலையும் ஹிலோத் என்ற பெயரிலேயே மறைவாக நடக்கிறது; அதனால் பெண்கள் சாகிறார்கள். இதையெல்லாம் மறைத்து ஹிலோத்தைத் தாய்மைக் கையாக மட்டும் வரைவது ஸ்பா விளம்பரம் செய்யும் அதே வேலை. 2020இல் செபு மாகாண ஆளுநர் ‘துஓப்’ எனப்படும் மூலிகை ஆவி பிடித்தலைக் கொரோனாவுக்கு எதிராக முன்னிறுத்தியதும், சான்றில்லை என்று நலத்துறையும் மருத்துவர்களும் மறுத்ததும் நினைவிருக்கலாம். 2021 மே மாதம் தமிழ்நாட்டிலும் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகி, அவ்வாறு செய்ய வேண்டாம் என்று நலத்துறை அமைச்சரே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. மூக்கடைப்புக்கு வீட்டில் ஆவி பிடிப்பது வேறு, தொற்றுக்காலத்தில் கூட்டம் கூடி ஒரே குழாயில் முகம் நீட்டுவது வேறு. மரபு தன் இடத்தை விட்டுப் பெயர்க்கப்படும்போதுதான் பெரும்பாலும் ஆபத்தாகிறது.

ஆய்வுக்கும் மரபுக்கும் நல்ல முறையில் உறவு அமைந்ததற்கு அதே நாட்டில் சான்று உண்டு. லகுந்தி என்பது நம் நொச்சி. பிலிப்பைன்ஸ் கிராமங்களில் இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். நெலியா கோர்த்தெஸ்-மரம்பா முதலிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சோதித்து, அளவு வரையறுத்து, அதை மாத்திரையாகவும் பாகாகவும் ஆக்கினார்கள். நலத்துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளுள் அது ஒன்று. மருந்துக்கடையில் லகுந்தி என்ற பெயரிலேயே கேட்டு வாங்கலாம். சொல்லும் அதன் பொருளும் சேர்ந்தே ஆய்வகத்துக்குள் போய்ச் சேர்ந்தே வெளியே வந்தன. கிராமத்துக்காரி கொதிக்க வைத்துக் குடித்தால் எவரும் தண்டம் விதிப்பதில்லை. ஹிலோத்துக்கு அப்படி ஒரு பொறுமை கிடைக்கவில்லை. இலையைச் சோதிப்பது எளிது, கையைச் சோதிப்பது கடினம் என்பது ஒரு காரணம். இலைக்கு ஊதியம் கொடுக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தண்டம் விதிக்காமலும் வழி இருந்தது. மகளிர் நலக் குழுக்கள் என்ற ஏற்பாட்டில், பதிவுபெற்ற செவிலியின் தலைமையில் ஊர் நலப் பணியாளரும் ஹிலோத்தும் ஒன்றாக இருந்தார்கள். கருவுற்ற பெண்ணை முதலில் அறிபவள் ஹிலோத். அவளே நிலையத்துக்கு அழைத்து வருவாள். பேற்றை செவிலி பார்ப்பாள். அதற்குப் பின் நீவிவிடுவதும், நொச்சி முதலிய இலைகளால் ஆவி கொடுப்பதும் அவள் கையில். ஒவ்வொருவர் அறிவுக்கும் எல்லை வகுத்து மதிப்பும் தந்த ஏற்பாடு அது. அதை வளர்த்தெடுக்காமல் தண்டனைச் சட்டங்களை வளர்த்த உள்ளாட்சிகளின் அவசரத்தை நான் தவறென்றே கருதுகிறேன்.

நம் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். கைவேலையின் வினைச்சொற்களைத் தொகுப்பது மொழியியலில் மதிப்புக் குறைந்த வேலையாகவே இருந்துவருகிறது. தகலோக்கில் ஹாகோத், ஹாப்லோஸ், ஹீமாஸ், பிசில், பிந்தோத், தியின் என்று தொடுகையின் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. அவையனைத்தையும் ‘மசாஹே’ என்ற ஸ்பானியச் சொல் மெல்ல மூடிவருகிறது. தமிழில் நீவு, வருடு, தடவு, உருவு, வழி, பிசை, அமுக்கு, பிடித்துவிடு, கைக்குழந்தைக்கு உரம் எடு என்று எத்தனை! இவற்றை ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில்கூட நான் முறையாகப் பார்த்ததில்லை. சுளுக்கு வழிக்கும் ஒரு பாட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்து, எந்த விரலால் எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம் என்பதைச் சொல்லோடு சேர்த்துப் பதிய ஒரு பருவ விடுமுறை போதும். அதற்கு முன்பாக, மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஹிலோத் என்று வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் மசாஜ் என்று எழுதாதீர்கள். சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அடிக்குறிப்பில் நான்கு வரி எழுதுங்கள். முதல் வரியில் அதைச் செய்யும் பெண்ணைச் சொல்லுங்கள்.